ஒரு பூவும் ஓர் அகராதியும்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கிலும், ஏரிநீர் எட்டாத மேட்டு நிலங்கள் உண்டு. இப்பகுதி மக்கள் அவற்றைக் கொல்லை என்பர். ஆடிப்பட்டத்தில் விதைத்த மல்லாட்டையைக் கார்த்திகையில் பிடுங்கிய பின், அடுத்த உழவு வரை அந்நிலம் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிறது என்பது உழவர் கணக்கு. செடிகளின் கணக்கில் அப்போதுதான் அந்நிலத்துக்குப் பருவம் தொடங்குகிறது. தும்பை, நெருஞ்சி, விஷ்ணுகிராந்தி, கவிழ்தும்பை என்று ஒவ்வொன்றாகப் பூக்கின்றன. அவற்றினிடையே முழங்கால் உயரம்கூட எட்டாத ஒரு சிறுசெடி நிற்கும். மெலிந்த தண்டு, ஒடுங்கி நீண்ட இலைகள், இலைக்கக்கத்தில் தனித்தனியே இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூ. அந்தப் பூவுக்கு ஒரே ஓர் இதழ்தான் இருப்பதாகத் தோன்றும். முதன்முறை காண்பவர், மற்ற இதழ்களை யாரோ கிள்ளிவிட்டார்கள் என்றே எண்ணுவார்.

இது என்ன பூ?

இக்கேள்விக்கு இரண்டு விதமாக விடை தேடலாம். களையெடுக்கும் ஒரு மூதாட்டியைக் கேட்கலாம். அல்லது பூவைப் பிரித்து, உறுப்புகளை எண்ணி, தாவரவியல் நூலொன்றின் பக்கங்களில் தேடலாம். முதல் வழியில் ஒரு தமிழ்ச்சொல் கிடைக்கும். இரண்டாம் வழியில் ஒரு லத்தீன் பெயர் கிடைக்கும். இரண்டும் வெவ்வேறு உலகங்களைச் சேர்ந்தவை என்றே நாம் பழகியிருக்கிறோம். ஆனால் இரண்டு வழிகளிலும் நெடுந்தூரம் நடந்த ஒரு மனிதர் நம் கடற்கரையில் வாழ்ந்தார். தரங்கம்பாடியில் செடிகளைத் தொகுத்து, வேப்பேரியில் தமிழ்ச்சொற்களைத் தொகுத்த யோஹன் பீட்டர் ராட்லர் அவர். மேற்சொன்ன ஒற்றை இதழ்ப் பூவை முன்னிறுத்தி அவருடைய கதையைச் சற்றே விரிவாகக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பூவைப் பார்த்துவிடுவோம். தமிழில் அதன் பெயர் ஓரிதழ்த்தாமரை. சித்த மருத்துவம் அறிந்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லாத மூலிகை. உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தால் அதன் இதழ்கள் உண்மையில் ஐந்து என்பது தெரியும். நான்கு மிகச் சிறுத்துப் புல்லிகளோடு ஒட்டியவாறு ஒளிந்திருக்க, ஐந்தாவது மட்டும் மண்வெட்டியின் இலைபோல அகன்று வெளியே நிற்கிறது. ஆங்கிலத்தில் அதை மண்வெட்டிப்பூ என்று பொருள்படும் பெயரால் அழைப்பதும் இவ்வடிவம் கருதியே. தமிழ்ப்பெயரை இட்டவர் கண்ணுக்கு எது பளிச்சென்று பட்டதோ அதைப் பெயராக்கினார். தொலைவிலிருந்து, நின்ற நிலையில், வயலின் நடுவே அடையாளம் காண்பதற்கு அதைவிடப் பொருத்தமான குறிப்பு வேறில்லை.

அறிவியல் பெயரின் கதை இத்தனை எளிதன்று. கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலில் மலபார்ப் பகுதியின் செடிகளைப் படங்களோடு பதிவு செய்தார். இட்டி அச்சுதன் என்னும் மலையாள வைத்தியரும் மூன்று கொங்கணி அந்தணர்களும் சொன்ன பெயர்களும் குணங்களுமே அதன் ஆதாரம். நம் செடி அதில் ‘நெலம்பரெண்டா’ என்னும் மலையாளப் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. 1753இல் ஸ்வீடனில் லின்னேயஸ் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இருசொல் பெயர் சூட்டி ‘ஸ்பீஷிஸ் பிளான்டாரம்’ நூலை வெளியிட்டபோது, இந்த ஒரே செடிக்கு அவரிடமிருந்து இரண்டு பெயர்கள் கிடைத்துவிட்டன. ஒன்று வயோலா என்னியாஸ்பெர்மா. மற்றொன்று வயோலா சஃப்ருடிகோசா. வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்த செய்திகளை வைத்து அவர் இரண்டு செடிகள் என்று கருதினார். என்னியாஸ்பெர்மா என்றால் ஒன்பது விதை உடையது என்று பொருள். தமிழன் இதழை எண்ணினான். லின்னேயஸ் விதையை எண்ணினார்.

பின்னர் இச்செடி அயோனிடியம் என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டது. பழைய சித்த மருத்துவ நூல்கள் பலவற்றில் அயோனிடியம் சஃப்ருடிகோசம் என்ற பெயரையே காணலாம். 1876இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் இருந்த ஃபெர்டினாண்ட் ஃபான் முல்லர் அதை ஹைபாந்தஸ் என்னியாஸ்பெர்மஸ் ஆக்கினார். நெடுங்காலம் அப்பெயரே நிலைத்தது. 2015இல் மரபணு ஆய்வுகளையும் கருத்தில் கொண்டு அதை ஆஃப்ரோஹைபாந்தஸ் என்ற புதிய பேரினத்தில் சேர்த்தனர். அதற்குப் பின்னும் அதன் இடம் பற்றிய விவாதம் ஓயவில்லை. லத்தீன் பெயர் என்றால் கல்லில் வெட்டியது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. கொல்லையில் நிற்கும் இச்சிறு செடியே அந்த எண்ணத்தைக் கலைத்துவிடும். ஆயினும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் எழுதப்பட்டிருக்கிறது. முந்தைய பெயர்கள் அழிக்கப்படாமல் பின்னால் வரிசையாக நிற்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டு லின்னேயஸ் வரை திரும்பிச் செல்ல முடியும். அறிவியல் பெயரின் வலிமை அதன் நிலைத்தன்மையில் இல்லை. இந்தத் தடத்தில்தான் இருக்கிறது.

*

சோழமண்டலக் கரையில் ஐரோப்பியர் செடிகளின் பெயர் கேட்கத் தொடங்கியது ராட்லருக்கும் நூறாண்டு முன்பு. 1690களில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த சாமுவேல் பிரௌன், சென்னையைச் சுற்றிய பகுதிகளில் செடிகளைத் திரட்டி, உள்ளூர்ப் பெயர்களோடும் மருத்துவக் குணங்களோடும் லண்டனுக்கு அனுப்பினார். ஜேம்ஸ் பெட்டிவர் அவற்றைப் பற்றி ராயல் கழகத்தின் இதழில் எழுதினார். அத்தாள்கள் ஹான்ஸ் ஸ்லோனின் தொகுப்பில் சேர்ந்து இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. லின்னேயஸின் இருசொல் முறை அப்போது பிறக்கவில்லை. எனவே செடியைக் குறிப்பிட அவர்களுக்கு இருந்த உறுதியான கைப்பிடி தமிழ்ப்பெயர்தான்.

1768இல் லின்னேயஸின் மாணவரான யோஹன் கெர்ஹார்ட் கோனிக் தரங்கம்பாடிக்கு வந்தார். டேனிஷ் ஆட்சிக்கு உட்பட்டிருந்த அச்சிற்றூர் தாவரவியலின் ஒரு நாற்றங்கால் ஆயிற்று. அங்கிருந்த லுத்தரன் குருமார்களும் மருத்துவர்களும் அவரிடமிருந்து லின்னேயஸின் முறையைக் கற்றனர். கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், மருத்துவர் கிளைன், பெஞ்சமின் ஹெய்ன் ஆகியோர் அடுத்தடுத்து இந்த வட்டத்தில் வந்து சேர்ந்தவர்கள். ஸ்ட்ராஸ்பர்கில் 1749இல் பிறந்து, 1776இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ராட்லரும் அவர்களுள் ஒருவர். கோனிக் 1785இல் இறந்தார். அவர் தொடங்கிய பணியை மற்றவர்கள் விடவில்லை. பூவைப் பறித்து, தாள்களின் இடையே வைத்து அழுத்தி, ஈரம் போக உலர்த்தி, எண்ணிட்டு, கப்பலேற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். கப்பல் போய்ச் சேர்ந்து, அங்குள்ள அறிஞர் பார்த்து, விடை எழுதி, அக்கடிதம் மீண்டும் கடல் கடந்து வருவதற்குள் ஆண்டுகள் கழிந்துவிடும். ஒரு பூவின் பெயரைத் தெரிந்துகொள்ள அன்று தேவைப்பட்ட பொறுமையை இன்று நாம் கற்பனை செய்வதும் கடினம்.

இந்தப் பின்னணியில்தான் ராட்லரின் புகழ்பெற்ற பயணம் நிகழ்ந்தது. 1799ஆம் ஆண்டில் தரங்கம்பாடியிலிருந்து புறப்பட்டுச் சென்னை சென்று, 1800ஆம் ஆண்டில் திரும்பிவந்த பயணம் அது. அவ்வாண்டின் மே மாதத்தில்தான் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டிருந்தார். புதுச்சேரி 1793 முதல் ஆங்கிலேயர் கையில் இருந்தது. கர்நாடகத்தின் நவாப் பெயரளவில் ஆண்டுகொண்டிருந்தார். 1801இல் அதுவும் போயிற்று. கரையோர நாடு முழுவதும் போரும் பஞ்சமும் கண்டு களைத்திருந்த காலம். அந்நிலத்தில் ஒரு பாதிரியார் வழிநெடுக நின்று செடிகளைப் பார்த்துக்கொண்டு போகிறார். தரங்கம்பாடிக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட கரைநாட்டில் கடலூரும் புதுச்சேரியும் மட்டும் இல்லை. இன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கு விளிம்பான வானூர், மரக்காணம் பகுதிகளும் அதில் அடங்கியவையே. உப்பங்கழி, மணல்மேடு, செம்மண் கொல்லை, முட்புதர்க் காடு என நிலம் மாறிக்கொண்டே இருக்கும் பகுதி அது. நிலம் மாறினால் செடி மாறும். ஆண்டின் திருப்பத்தில் நிகழ்ந்ததால், வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னர்க் கரைநாடு பூத்திருக்கும் நாட்களும் அப்பயணத்தில் வந்தன.

அவர் எழுதிய குறிப்புகள் பெர்லினுக்குச் சென்றன. அங்கே பேராசிரியர் கார்ல் லுட்விக் வில்டெனாவ் அவற்றைப் படித்து, அடிக்குறிப்புகள் சேர்த்து, இயற்கை ஆய்வு நண்பர்கள் கழகத்தின் இதழில் 1803இல் வெளியிட்டார். லின்னேயஸின் ‘ஸ்பீஷிஸ் பிளான்டாரம்’ நூலைப் பெரிதும் விரித்து மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் இந்த வில்டெனாவ். தென்னிந்தியச் செடிகள் பலவற்றின் இன்றைய லத்தீன் பெயர்களுக்குப் பின்னால் அவர் பெயரின் சுருக்கம் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். அவற்றுள் கணிசமானவை ராட்லரும் கிளைனும் அனுப்பிய தாள்களிலிருந்து பிறந்தவை. தமிழ்நாட்டுக்கு ஒருமுறைகூட வராத ஒருவர், நிறம் மங்கித் தட்டையாகிப்போன பூவைப் பெர்லினில் பார்த்துப் பெயரிட்டார். வயலில் நின்று உயிரோடு பார்த்தவர் கடிதம் எழுதியவராக நின்றுபோனார். காலனியக் காலத்து அறிவு இயங்கிய விதம் இது. ஆனால் ராட்லர் அத்தோடு நிற்கவில்லை என்பதே நமக்கு முக்கியம்.

வில்டெனாவின் உலர்தாவரத் தொகுப்புக்கு ஒரு பின்கதையும் உண்டு. 1943 மார்ச்சில் பெர்லின் மீது விழுந்த குண்டுகளில் அந்நகரின் மாபெரும் உலர்தாவரகம் எரிந்து சாம்பலாயிற்று. தனியே பாதுகாக்கப்பட்டிருந்த வில்டெனாவ் தொகுப்பு தப்பியது. சோழமண்டலக் கரையில் எப்போதோ பறித்த பூக்கள் இரண்டாம் உலகப்போரையும் கடந்து அங்கே இருக்கின்றன. அவை பூத்த நிலங்களில் எத்தனை இன்றும் நிலமாக இருக்கின்றன என்பது வேறு கேள்வி.

*

19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ராட்லர் தரங்கம்பாடியை விட்டுச் சென்னைக்குப் பெயர்ந்தார். வேப்பேரியில் சமயப்பணி. ஆங்கிலத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலைத் தமிழாக்கினார். பின்னர் ஒரு பெரும் வேலையில் இறங்கினார். அதுதான் தமிழ்–ஆங்கில அகராதி. அவருக்கு முன் தமிழில் அகராதி இல்லாமலில்லை. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732ஆம் ஆண்டினது; ஃபப்ரீஷியஸின் அகராதி 1779இல் வேப்பேரியிலேயே அச்சானது. அவற்றினும் விரிவாக, தமிழ்ச்சொற்களை வரிசைப்படுத்தி ஆங்கிலத்தில் பொருள் தரும் நூலை முதுமையில் தொடங்கினார் ராட்லர். முதல் பகுதி 1834இல் வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பத்தைந்தை நெருங்கியிருந்தது. 1836 ஜனவரியில் அவர் மறைந்தார். வில்லியம் டெய்லரும் வேங்கடாசல முதலியாரும் எஞ்சிய பகுதிகளைச் செப்பனிட்டு 1841இல் முடித்தனர்.

செடி தொகுத்தவர் சொல் தொகுக்கப் போனது தொழில் மாற்றம் என்றே பலரும் கருதுவர். எனக்கு அவை இரண்டும் ஒரே வேலை என்றே தோன்றுகிறது. தமிழ் மரபில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. திவாகர நிகண்டில் மரப்பெயர்த் தொகுதி என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒரு செடிக்கு வழங்கும் பல பெயர்களை அது அடுக்கித் தரும். ஆனால் அச்செடி எப்படியிருக்கும் என்று சொல்லாது. சொல்லவேண்டிய தேவை அன்று இருக்கவில்லை; செடியை அறிந்தவர்களுக்கான நூல் அது. பெயருக்குப் பெயரே பொருள். உலர்தாவரத் தாள் இதற்கு நேரெதிர். அங்கே பொருள் கையில் இருக்கிறது, ஒட்டவேண்டியது பெயர். நிகண்டு ஒரு கரை. உலர்தாவரத் தாள் மறுகரை. ராட்லர் ஒரே வாழ்நாளில் இரண்டு கரைகளிலும் நின்றவர். அகராதிக்காரராகத் தமிழரிடம் சொல்லைக் கேட்டார். தாவரவியலாளராகத் தமிழ் நிலத்திடம் பொருளைக் கேட்டார்.

அவருடைய மறைவுக்குப் பின் இரண்டும் பிரிந்தன. உலர்தாவரத் தொகுப்பு கப்பலேறி லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குச் சென்று, பின்னர்க் கியூ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்தது. அகராதி இங்கே தங்கியது. ஏறக்குறைய இந்தப் பிரிவே பின்வந்த நூறாண்டின் வரலாறாகவும் அமைந்துவிட்டது. கேம்பிள் தொடங்கி, 1925இல் அவர் இறந்தபின் ஃபிஷர் முடித்த ‘சென்னை மாகாணத் தாவரங்கள்’ என்னும் பெருநூல் 1915 முதல் 1936 வரை வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் ஆறு தொகுதிகள் 1924 முதல் 1936 வரை வெளிவந்தன. இரண்டும் ஒரே மாகாணம் பற்றியவை. இரண்டும் ராட்லர் மறைந்து சரியாக நூறாம் ஆண்டில் நிறைவு கண்டவை. ஆனால் முன்னதைத் தமிழறிஞர் புரட்டியதில்லை. பின்னதைத் தாவரவியலார் புரட்டியதில்லை. விதிவிலக்குகள் மிகச் சிலவே. புதுச்சேரி நிர்வாகத்தில் பணியாற்றிக்கொண்டே ‘சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்’ எழுதிய பி.எல். சாமி அவர்களுள் தலையாயவர். குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் தொண்ணூற்றொன்பது பூக்களில் பலவற்றை இன்னதென்று அறுதியிட முடியாமல் நாம் தடுமாறுகிறோம். பெயர் இருக்கிறது, பூவும் எங்கோ பூக்கிறது, இரண்டையும் இணைத்த தாள் மட்டும் இல்லை.

தமிழ்ப்பெயரை மட்டும் நம்புவதில் உள்ள இடரை நம் ஓரிதழ்த்தாமரையே காட்டும். ஓரிலைத்தாமரை என்று வேறொரு மூலிகை இருக்கிறது. அது நிழலான காடுகளில் தரையோடு ஒற்றை இலை விரிக்கும் நெர்விலியா என்னும் ஆர்க்கிட் வகை. இதழ், இலை என்ற ஒரு சொல் மாற்றத்தில் செடியே மாறிவிடுகிறது. பேச்சிலும் ஏட்டுப்படிகளிலும் இவ்விரு பெயர்களும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக வழங்கிவந்திருக்கின்றன. மருந்துக்குப் பறிப்பவருக்கு இது சொல்லாராய்ச்சி இல்லை, உடல்நலம் சார்ந்த கேள்வி. வயலோலா, ஆர்க்கிடா என்பதே தெரியாமல் போகும்போது, அங்கே லத்தீன் பெயர்தான் காவல்.

பெயர்கள் இன்னொரு வகையிலும் நம்மை ஏமாற்றும். திண்டிவனம் என்னும் ஊர்ப்பெயரைத் திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு, என்று விளக்குவது மரபு. புளியமரமோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்பதே தாவரவியலாரின் முடிவு. அரேபியர் அதை இந்தியப் பேரீச்சை என்று அழைத்தனர்; ஆங்கிலப் பெயர் அதிலிருந்து வந்தது. அயலிலிருந்து வந்த மரம் ஓர் ஊருக்கே பெயராகும் அளவுக்கு இம்மண்ணில் ஊன்றிவிட்டது. இவ்வட்டாரத்தின் மல்லாட்டையும் அப்படியே. தென்னமெரிக்காவில் பிறந்த நிலக்கடலையை இங்கே மணிலாக்கொட்டை என்றார்கள். வந்த வழியைப் பெயரிலேயே முடிந்து வைத்தார்கள். திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த ரகங்கள் டிஎம்வி என்ற முன்னெழுத்தோடு நாடெங்கும் போயின. கொல்லையில் அயலது எது, நம்முடையது எது என்பதைப் பெயரை வைத்து மட்டும் முடிவு கட்டிவிட முடியாது. பிரமதண்டும் வெட்டுக்காயப்பூண்டும் நல்ல தமிழ்ப்பெயர் கொண்டவை. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தேறியவை.

*

ராட்லரின் பயணக்குறிப்பு ஜெர்மன் மொழியில், பழைய இதழொன்றின் பக்கங்களில், ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது. அதை எழுப்பியவர் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரகத்தை நிறுவிய கே.எம். மேத்யூ. சேசு சபைத் துறவியான அவர், தமிழகச் சமவெளியின் தாவரங்களைப் புதிதாகத் தொகுக்க முனைந்தபோது ஒரு சிக்கலைக் கண்டார். பழைய லத்தீன் பெயர்கள் பலவற்றின் வேர் தரங்கம்பாடித் தாள்களில் இருக்கிறது. அச்செடி எந்த இடத்தில், எந்த மண்ணில் பறித்தது என்று தெரியாமல் அப்பெயரை உறுதிசெய்வது கடினம். எனவே செடியைத் தேடிச் சென்றவர் பயணத்தைத் தேடத் தொடங்கினார். ராட்லரின் குறிப்பை ஆங்கிலமாக்கி, விளக்கமும் வரைபடமும் சேர்த்து, 1993இல் லண்டன் லின்னேயன் கழகத்தின் தாவரவியல் இதழில் வெளியிட்டார். அவருடைய ‘தமிழ்நாடு கர்நாடிக் தாவரங்கள்’ நூல்வரிசை 1981 தொடங்கி அடுத்தடுத்து வெளிவந்து, சமவெளிச் செடிகளை அடையாளம் காண்பதற்கான அடிப்படை நூலாக நிலைபெற்றது. 2004இல் அவர் மறைந்தார். இடப்பெயரின் முக்கியத்துவத்துக்கு ஒரு சிறு சான்று: 1993 வரை விழுப்புரமும் கடலூரும் தென்னார்க்காடு என்ற ஒரே மாவட்டம். பழைய தாளில் தென்னார்க்காடு என்று மட்டும் எழுதியிருந்தால், அது செஞ்சி மலையடிவாரமா, மரக்காணத்து மணலா, சிதம்பரத்து வயலா என்று யாரால் சொல்ல முடியும்?

இன்று ஒருவர் கொல்லையில் பெயர் தெரியாத பூவைக் கண்டால் செய்யக்கூடியவை பல. கைப்பேசியில் படமெடுத்தால் ஒரு நொடியில் ஏதோ ஒரு பெயர் வந்துவிடுகிறது. பல நேரங்களில் அது சரியாகவும் இருக்கிறது. ஆனால் படம் காட்டாத இடங்களில்தான் தாவரவியலின் அடையாளங்கள் பெரும்பாலும் ஒளிந்திருக்கின்றன. சூலகம் இதழ்களுக்கு மேலே அமைந்திருக்கிறதா, கீழேயா? அதைக் குறுக்கே அறுத்தால் எத்தனை அறைகள்? மகரந்தத்தாள்கள் எத்தனை, தனித்தவையா, இணைந்தவையா? இலை எதிரெதிரா, மாறி மாறியா? காய் எத்தனை பிளவாக வெடிக்கிறது? இக்கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று விடை சொல்லிக்கொண்டே போனால் இரண்டு இரண்டாகப் பிரியும் பாதையில் ஒவ்வொரு கிளையாக விலக்கி, இறுதியில் ஒரு பெயரில் வந்து நிற்கலாம். இந்தத் திறவுகோல் முறையை 1778இல் பிரெஞ்சுத் தாவர நூலொன்றில் லமார்க் பரவலாக்கினார். ஓரிதழ்த்தாமரையின் காய் மூன்றாகப் பிளக்கும். சிறுத்த நான்கு இதழ்களும் மூன்று பிளவுக் காயும் சேர்ந்துதான் அதை மலைநாடுகளின் வயலட் பூக்களுக்கு உறவினன் என்று காட்டிக்கொடுக்கின்றன.

அதன்பின் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். திண்டிவனத்திலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரில், 1955இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஓர் உலர்தாவரகம் இருக்கிறது. ராட்லரின் கேள்வி பெர்லின் வரை போய்வர ஆண்டுகள் ஆயின. நமக்கு ஒரு பேருந்துப் பயணம் போதும். ஆயினும் அவரிடம் இருந்து நம்மிடம் இல்லாதது ஒன்று உண்டு. அவர் கேட்டபோது பதில் சொல்ல ஆட்கள் இருந்தார்கள்.

பதில் சொன்னவர்கள் யார்? இட்டி அச்சுதன் பெயர் நமக்குத் தெரிந்தது வான் ரீட் அதை அச்சில் ஏற்றியதால். சோழமண்டலக் கரையில் பிரௌனுக்கும் கோனிக்குக்கும் ராட்லருக்கும் செடியைக் காட்டிப் பெயர் சொன்ன வைத்தியர்கள், மேய்ப்பர்கள், கூலியாட்கள் ஆகியோரில் நாம் பெயர் சொல்லிக் குறிப்பிடக்கூடியவர் மிக அரிது. அவர்கள் தந்த சொற்கள் தாள்களில் இருக்கின்றன, சொன்னவர்கள் இல்லை. இன்று அந்த அறிவின் கடைசிக் காப்பாளர்கள் பெரும்பாலும் களையெடுக்கும் பெண்கள். களையைப் பயிரிலிருந்து பிரித்தறிவது அவர்கள் தொழில். மாட்டுக்கு எது ஆகும், குழம்புக்கு எது ஆகும், கைக்குழந்தைக்கு எது ஆகும் என்று பிரித்தறிவது அவர்கள் வாழ்வு. ஒரே செடிக்கு ஏரிக்கு இக்கரையில் ஒரு பெயரும் அக்கரையில் ஒரு பெயரும் சொல்வார்கள். அகராதிகளில் ஏறாத பெயர்கள் அவை.

களைக்கொல்லி வந்தபின் களையெடுப்பு குறைந்தது. களையெடுப்பு குறைந்தால் பெயர் சொல்லும் தேவையும் குறையும். நெடுஞ்சாலையோரக் கொல்லைகள் கல் நட்டு மனைகளாகின்றன. ஓரிதழ்த்தாமரை அழிந்துபோகும் என்று நான் அஞ்சவில்லை. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரந்து கிடக்கும் செடி அது. எங்காவது ஒரு வரப்பில் நின்றுகொள்ளும். ஆனால் கூட்டேரிப்பட்டில் அதற்கு வழங்கிய பெயரோ மயிலத்தில் அதற்கு வழங்கிய பெயரோ போனால் போனதுதான். அதற்கு விதை கிடையாது. செடியைக் காக்க உலகெங்கும் அமைப்புகள் இருக்கின்றன. ஒரு வட்டாரத்துச் செடிப்பெயரைக் காக்க அவ்வட்டாரத்தில் பிறந்தவர்களைத் தவிர வேறு யாரும் வரப்போவதில்லை.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இதில் செய்யக்கூடிய பணி இருக்கிறது. பெரிய ஆய்வுத்திட்டம் வேண்டியதில்லை. ஊருக்குப் போகும்போது ஒரு பூவைப் பாருங்கள். அங்குள்ள ஒருவரிடம் பெயர் கேளுங்கள். பழைய நாளிதழ் ஒன்றின் மடிப்பில் ஒரு கிளையை வைத்து அழுத்துங்கள். அதன் ஓரத்தில் ஊர், நாள், நிலத்தின் வகை, கேட்ட பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். சொன்னவர் இசைந்தால் அவர் பெயரையும் எழுதுங்கள். லத்தீன் பெயரைப் பிறகு யாராவது எழுதிக்கொள்ளலாம், அது காத்திருக்கும். மற்றவை காத்திருக்கமாட்டா.

ராட்லருக்குச் செய்யப்பட்ட மரியாதை ஒன்றைச் சொல்லி முடிக்கலாம். செந்நிறச் சாயப்பொடி தரும் கபிலப்பொடி மரத்துக்கு அவர் நினைவாக ராட்லெரா என்று பேரினப்பெயர் வைத்தார்கள். பின்னாளில் அது மல்லோட்டஸ் என்னும் பேரினத்தில் கலந்து வழக்கொழிந்தது. மரத்தில் போன பெயர் ஒரு களைச்செடியில் நிலைத்தது. நீர் வற்றிய ஏரிப்படுகையிலும் அறுவடை முடிந்த வயலிலும் சாம்பல் பச்சையாகப் படரும் குரோசோஃபோரா ராட்லெரி இன்றும் அப்பெயராலேயே அறியப்படுகிறது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே கோடையில் வறண்டு கிடக்கும் ஏரிகளுக்குக் குறைவில்லை. அவற்றில் இறங்கித் தேடும் வாசகர் யாரேனும் அச்செடியைக் கண்டால், அங்கு ஆடு மேய்ப்பவரிடம் அதன் தமிழ்ப்பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அகராதி தொகுத்த அம்மனிதர் அதைத்தான் விரும்பியிருப்பார்.